ஊற்றும் குழியும்

நிலம் வாங்குகிறவர்களுக்காக மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துச் சொல்வது என் பிழைப்பு. வேதியியல் படித்துவிட்டுத் திண்டுக்கல்லில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் சில காலம் வேலை பார்த்தேன். பிறகு மலைக்கு வந்து தனியாகச் செய்யத் தொடங்கினேன். நாயுடுபுரத்தில் வாடகை வீடு. முன்னறை முழுக்க மண் காயும் தட்டுகளும் பாட்டில்களும் ஐஸ் பெட்டியும்தான். யாராவது வந்தால் சமையலறையில்தான் உட்கார வைக்க வேண்டும்.

கொடைக்கானலைச் சுற்றி நிலம் கைமாறிக்கொண்டே இருக்கிறது. வெளியூரிலிருந்து வாங்க வருகிறவர்கள் பட்டாவைப் பார்ப்பார்கள், பாதையைப் பார்ப்பார்கள், காலைப் பனியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஒரு சிலர்தான் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்பார்கள். அந்த ஒரு சிலரை நம்பித்தான் நான் இருக்கிறேன். மற்றவர்கள் வீட்டைக் கட்டி, இரண்டு மழைக்காலம் கழித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி வருவார்கள்.

வடகவுஞ்சிப் பக்கத்துத் தோட்டத்துக்கு என்னை அனுப்பியவர் பெங்களூரில் இருந்தார். கணவனும் மனைவியுமாகக் குடில்கள் கட்டி விடுதி நடத்தும் யோசனை. போனில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "மருந்தடிச்சு கெட்ட மண்ணா, செப்டிக் டேங்க் தண்ணி எங்கயாவது கலக்குதா, ரெண்டும் எனக்குத் தெரியணும் மேடம். அதுக்கப்புறம்தான் அட்வான்ஸ்."

தோட்டத்துக்காரர் அறுபதைத் தாண்டியவர். பழனி அடிவாரத்தில் கடை வைத்திருந்த குடும்பம். பஞ்சாமிர்தத்துக்கு மலைவாழை வேண்டும் என்று அவருடைய அப்பா வாங்கிப் போட்ட தோட்டம் அது. கடையைக் கூடப்பிறந்தவர்கள் எடுத்துக்கொள்ள, இவர் தோட்டத்தோடு தங்கிவிட்டார். வாழை நோயில் அழிந்த பிறகு காப்பியும் சவ்சவ்வும் பட்டர் புரூட்டுமாக மாற்றியிருந்தார். மனைவி இறந்து நெடுநாள் ஆகிறது. மகன் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். நிலத்தை விற்கப் பேசியது அவன்தான். மருமகள் அடுக்கம் கிராமத்துப் பெண். அவளும் மாமனாருமாகத்தான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் நான் ஜீப்பிலிருந்து இறங்கி, மண் துளைக்கும் இரும்பை எடுத்தபோதே அவர் சொல்லிவிட்டார்.

"மண்ணுல ஒண்ணும் இருக்காது டீச்சரம்மா. தண்ணிதான் கெட்டுப் போச்சு. மேல கட்டி வச்சிருக்கான் பாருங்க, அவன் கெடுத்துட்டான்."

கையை நீட்டிக் காட்டினார். தோட்டத்துக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களுக்கு இடையில், ஒரு விடுதியின் சிவப்புக் கூரைகள் தெரிந்தன. நான் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கடைசி வரை டீச்சரம்மாதான்.

மண்ணைத்தான் முதலில் எடுத்தேன். சவ்சவ் பந்தலுக்கு அடியில், காப்பிச் செடிகளுக்கு நடுவில், மருந்து கலக்கும் சிமெண்ட் தொட்டியைச் சுற்றி, பல இடங்களில் மேல்மண்ணும் அடிமண்ணும் தனித்தனியாக. தொட்டியைச் சுற்றி மட்டும் புல் முளைக்கவில்லை. மண்ணைக் கையில் எடுத்தால் மூக்கில் ஏறியது. பந்தலின் ஓரத்தில் கோழி எரு ஒரு குவியலாகக் கிடந்தது. அதில் ஈ மொய்த்தது. இதெல்லாம் மலையில் எந்தத் தோட்டத்திலும் காண்பதுதான்.

ஊற்று வீட்டுக்குக் கீழே, ஒரு பாறை இடுக்கில் இருந்தது. சின்னக் கிணறு மாதிரிச் சுற்றிக் கல் அடுக்கி, மேலே தகரம் மூடியிருந்தார்கள். மோட்டார் வைத்து, கருப்பு ஓஸ் வழியாக வீட்டு மாடியில் இருந்த தொட்டிக்கு ஏற்றுவார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. முகர்ந்தால் வாசனை இல்லை. பாட்டில்களில் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்தேன்.

மருமகள் டீ கொண்டுவந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. டீயை வைத்துவிட்டு, "இது ஊத்துத் தண்ணி இல்ல மேடம். கேன் தண்ணிலதான் போட்டேன், குடிங்க" என்றாள். சமையலறை அலமாரியில் கைக்குழந்தைக்கான பால்பவுடர் டின்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பீன்ஸ் விதை போட்டுத் துணியால் கட்டியிருந்தது. வீட்டில் குழந்தைச் சத்தம் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜீப் வரைக்கும் வந்து வழியனுப்பும்போது அவரே சொன்னார்.

"எங்க வீட்டுல ஒரு பச்சப்புள்ள போயிருச்சு டீச்சரம்மா. போன மழைக்கு. பொம்பளப் புள்ள. வயித்தால போச்சு, வாந்தி எடுத்துச்சு, ஒடம்பெல்லாம் நீலம் பூத்துப் போச்சு. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள தல சாஞ்சிருச்சு. டாக்டரு சளிங்குறாரு, இருதயம்ங்குறாரு. எனக்குத் தெரியும், அவன் கக்கூசுத் தண்ணிதான். கலெக்டர் ஆபீசுல மனு குடுத்திருக்கேன். ஒருத்தரும் வந்து பாக்கல. நீங்கதான் மொத ஆளு வந்திருக்கீங்க."

என்னை அனுப்பியது கலெக்டர் ஆபீஸ் இல்லை, நிலம் வாங்குகிறவர் என்று மறுபடியும் சொன்னேன். "யாரு அனுப்புனா என்ன, பாக்குறீங்கள்ல" என்றார்.

தண்ணீரின் முடிவு வந்தபோது எனக்கு ஆச்சரியம் இல்லை.  மலக்கிருமி இருந்தது. நைட்ரேட் மிக அதிகம். கழிவுநீரிலிருந்தும் எருவிலிருந்தும் தண்ணீரில் இறங்கும் உப்பு அது. பெரியவர்களை உடனே ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்கு அப்படியில்லை, ரத்தத்தில் பிராணவாயு ஏறவிடாமல் தடுத்துவிடும். உதடும் நகமும் நீலமாகும். பரிசோதனைத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்ச் சிறிது நேரம் நின்றேன்.

மருந்துத் தொட்டி மண்ணைச் சுரண்டி அகற்றிவிட்டால் போதும், மற்ற இடம் தேறும். தண்ணீர்தான் சிக்கல். ஆனால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று மட்டும் எழுதினால் வாங்குகிறவருக்குப் பிரயோஜனம் இல்லை. எங்கிருந்து கலக்கிறது என்று தெரிய வேண்டும். கோழி எருவா, மேலே இருக்கும் விடுதியா, வேறு எதுவுமா. அதற்கு ஒரு சாயம் உண்டு. தீங்கில்லாதது. கழிப்பறையில் ஊற்றித் தண்ணீர் விட்டால், அந்தக் கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறதோ அங்கே பளிச்சென்று பச்சையாகத் தெரியும்.

விடுதி மேலாளர் மறுக்கவில்லை. மதுரைப் பக்கத்து ஆள். ஒவ்வோர் அறையிலும் சாயம் ஊற்ற அவரே கதவைத் திறந்துவிட்டார். "தாராளமா போடுங்க மேடம். அந்தப் பெரியவரு எங்கள ரோட்டுல பாத்தா காறித் துப்புறாரு. கெஸ்ட் வண்டிய மறிச்சுக் கத்துறாரு. எங்களுக்கும் ஒரு முடிவு தெரியட்டும்" என்றார்.

ஊற்றில் பச்சை வரவில்லை. மழை பெய்தது, ஓய்ந்தது, மறுபடி பெய்தது. தினமும் கீழே போய்த் தகரத்தைத் தூக்கிப் பார்த்தேன். கூடவே அவரும் வந்து குனிந்து பார்ப்பார். தண்ணீர் கண்ணாடி மாதிரியே இருந்தது. விடுதியின் கழிவுநீர் பாறைக்கு அப்பால் வேறு ஓடைக்குப் போயிருக்க வேண்டும், அல்லது அவர்கள் தொட்டி உண்மையிலேயே ஒழுகாததாக இருக்க வேண்டும்.

"கொஞ்சமா ஊத்திருப்பான் டீச்சரம்மா. ஏமாத்தியிருப்பான்" என்றார்.

"நான்தாங்க ஊத்துனேன்."

 நான் எழுந்து நின்று, மேலே வீட்டைப் பார்த்தேன். "உங்க வீட்டு பாத்ரூம் டேங்க் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"அது அந்தப் பக்கம். ஊத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவர் சொன்னது பார்ப்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. வீடு ஒரு மேட்டின் மேல் இருந்தது. இந்தப் பக்கச் சரிவில் ஊற்று. அந்தப் பக்கச் சரிவில் கழிப்பறையும் குழியும். மழைத் தண்ணீர் அந்தப் பக்கம் விழுந்தால் அந்தப் பள்ளத்துக்குத்தான் ஓடும். மண்ணுக்கு மேலே ஓடுகிற தண்ணீர் அப்படி. மண்ணுக்குக் கீழே பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்பது மேலே நிற்கிறவனுக்குத் தெரியாது.

குழியைப் போய்ப் பார்த்தேன். சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிய குழி. அடியில் தளம் கிடையாது. அவரே தோண்டியதாம். மண் தீர்ந்து பொடிப்பாறை வரும் வரைக்கும் கடப்பாரையால் குத்தி இறக்கியிருக்கிறார். ஆழமாக இருந்தால் நிறையாது என்று யாரோ சொன்னார்களாம்.

"மருமக மாசமா இருந்தப்ப கட்டுனது. அதுக்கு முன்னாடி எல்லாரும் காட்டுக்குத்தான் போவோம். மழைல வழுக்கி விழுந்துருச்சுன்னா என்ன பண்றது. காட்டுமாடு வேற நிக்கும். அதான் வெள்ளனே எந்திரிச்சு, வேற சோலி பாக்காம, நானே தோண்டிக் கட்டுனேன். அவளுக்காகத்தான்."

பெருமையாகத்தான் சொன்னார். வெள்ளை ஓடு பதித்த கழிப்பறை. கைப்பிடிக்க ஒரு குழாய்கூடச் சுவரில் பதித்திருந்தார், கர்ப்பிணி உட்கார்ந்து எழ வசதியாக.

அதில் சாயம் ஊற்ற வேண்டும் என்றேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. "ஊத்துங்க. அதுல வராது. அப்ப அவன்தான்னு முடிவாயிரும்ல" என்றார். நானே ஊற்றினேன். வாளி வாளியாகத் தண்ணீரையும் விட்டேன். குழாயில் எது வந்தாலும் குடிக்க வேண்டாம், கேன் தண்ணீரையே வைத்துக்கொள்ளுங்கள் என்று மருமகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அன்று இரவு மழை நன்றாகப் பிடித்தது.

மறுநாள் பகல் நான் போனபோது மகனும் வீட்டில் இருந்தான். மழையால் கீழே வத்தலக்குண்டு ரோட்டில் மண் சரிந்து சுற்றுலா வண்டி ஓடவில்லை. அப்பாவும் மகனும் வாசலில் நின்று மழையில் காப்பிக்காய் உதிர்வதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஊற்றுக்கு இறங்கலாம் என்று செருப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். அப்போது சமையலறையிலிருந்து மருமகள் கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை.

"மேடம். இங்க வாங்க."

பாத்திரம் கழுவும் தொட்டியில் ஓர் அலுமினியக் குண்டான். குழாய் திறந்திருந்தது. தண்ணீர் இளம்பச்சையாக விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில் அது மினுங்கியது. அவள் குழாயை மூடவில்லை. குண்டான் நிறைந்து வழிந்தது.

எனக்குப் பின்னால் அவர் வந்து நின்றார். மகனும் வந்தான்.  நான்தான் கையை நீட்டிக் குழாயை மூடினேன்.

அவர் வெளியே போய், படியில் இறங்கி, ஊற்றை நோக்கி ஓடினார். அந்த வயதில் அந்தச் சரிவில் அப்படி ஓடக்கூடாது. மகன் பின்னாலேயே போனான். நானும் அவளும் மட்டும் நின்றோம்.

"இது எங்க வீட்டு பாத்ரூம் தண்ணியா மேடம்?"

"ஆமாம்மா."

"நான் காய்ச்சித்தான் குடுத்தேன்." அவள் குண்டானைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எனக்குப் பால் பத்தல. பவுடர்தான் கலக்கிக் குடுப்பேன். நல்லா கொதிக்கக் கொதிக்கத்தான் காய்ச்சினேன். எல்லாரும் நீ ஒழுங்காக் காய்ச்சலன்னுதான் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரும் சொன்னாரு. எங்கம்மாவே கேட்டுச்சு. நான் நேரத்த மிச்சம் பண்ண அர கொறயா எறக்கிட்டேனாம். கொதிச்சா எல்லாம் செத்துரும்ல மேடம்? செத்துருக்கும்ல?"

கிருமி செத்துவிடும். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. நான் சரியாகத்தான் காய்ச்சினேனா என்று அவள் சாகும் வரைக்கும் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. குழியை வெட்டியவர் அப்போதுதான் ஊற்றிலிருந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். அவர் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் யோசித்து முடிக்க என்னால் முடியவில்லை.

"கிருமி செத்துரும். ஆனா அந்தத் தண்ணில உப்பு மாதிரி ஒண்ணு கலந்திருக்கு. அது கொதிச்சாலும் போகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கூடத்தான் செய்யும். கைப்புள்ளைக்கு அது ஆகாது. ஒடம்பு நீலமாகும். உங்க புள்ளைக்கு அதுதானான்னு இப்ப யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நீங்க காய்ச்சுனதுல கொற இல்ல."

அவர் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார், மகன் அவருக்குப் பின்னால். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

அவள் அழவில்லை. கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "நான் காய்ச்சுனேன்" என்று அவனிடம் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மாமனாரைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் நடந்ததில் என்னால் மறக்க முடியாதது அதுதான். அவள் அவரைத் திட்டியிருந்தால் அவர் அதைத் தாங்கியிருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவர் நிலைப்படியிலேயே உட்கார்ந்தார். மகன் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டபோது, "ஏலே, தொடாத" என்றார். பிறகு என்னிடம், வழக்கமான குரலில், "நீங்க கெளம்புங்க டீச்சரம்மா. ரோட்டுல இன்னும் மண்ணு சரியும்" என்றார்.

அறிக்கையை உள்ளபடி எழுதி அனுப்பினேன். பெங்களூர்க்காரர் அன்றைக்கே போன் செய்து நன்றி சொன்னார். வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். குழந்தையைப் பற்றி நான் எழுதவில்லை. அது அவர் கேட்ட விஷயம் இல்லை.

நடந்ததைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்விப்பட்டேன். மறுநாளே அவர் கடப்பாரையை எடுத்துக் கழிப்பறையை இடித்திருக்கிறார். ஓடு, குழாய், சுவர் எதையும் விடவில்லை. குழியில் சுண்ணாம்பைக் கொட்டி, கல்லையும் மண்ணையும் போட்டு மூடியிருக்கிறார். இப்படி மூடுவதால் உள்ளே இருப்பது போய்விடாது, ஆள் வைத்து முதலில் கழிவை எடுக்க வேண்டும் என்று நான் போனில் சொன்னேன். மகன் ஆள் வைத்துக் குழியை மறுபடி திறக்க ஏற்பாடு செய்தான். லாரி வந்து எடுத்துப் போகும் வரை அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். கலெக்டர் ஆபீஸ் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். விடுதி மேலாளர் என்னிடம் ஒருநாள் சொன்னார்: "பெரியவரு மேல ஏறி வந்தாரு மேடம். வாசக் கேட்டுக்கிட்ட நின்னு கும்பிட்டாரு. உள்ள வாங்கன்னேன், வரல. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு."

மருமகள் அடுக்கத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சில மாதங்கள் கழித்து மகன் போய் அழைத்து வந்தான், தோட்டத்துக்கு இல்லை. பெருமாள்மலையில் ஒரு வாடகை வீடு பிடித்துக் குடியேறினார்கள். அவர் தோட்டத்தில் தனியாக இருந்தார்.

அடுத்த மழைக்குப் பிறகு அந்த ஊற்றை மறுபடி பரிசோதிக்கப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. காப்பி பறிக்காமல் செடியிலேயே காய்ந்து கருத்திருந்தது. பந்தல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவர் மெலிந்திருந்தார். நைட்ரேட் குறைந்திருந்தது, ஆனால் இன்னும் குடிக்கிற அளவுக்கு இல்லை என்று சொன்னேன்.

"நான் அதத்தான் குடிச்சிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

"வேண்டாம்ங்க. மகன் கேன் தண்ணி கொண்டாந்து போடுறதாச் சொன்னாரே."

"போடுறான். அந்தா கெடக்கு."

தாழ்வாரத்தில் கேன்கள் சீல் உடைக்காமல் வரிசையாக இருந்தன. பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது என்று அவர் தெரிந்துவைத்திருந்தார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஆறுதல் இல்லை.

மருமகள் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். வயிறு லேசாகத் தெரிந்தது. கையில் ஒரு பாட்டில், துணி சுற்றி, ஐஸ் கட்டி போட்ட பையில். நான் முன்பு எப்படிக் கொண்டுபோனேன் என்று பார்த்துவைத்திருந்தாள் போலிருக்கிறது. பெருமாள்மலை வீட்டுத் தண்ணீர்.

"எல்லாம் பாத்துருங்க மேடம். அந்த உப்பும். வெரசா சொல்லுங்க, ரெண்டு நாளா தண்ணி குடிக்கவே பயமா இருக்கு."

சமையலறையில் உட்கார வைத்தேன். பரிசோதித்ததில் தண்ணீர் நன்றாக இருந்தது. போனில் சொன்னேன். "அடுத்த மாசம் மழ வந்துரும்ல. அப்ப ஒருக்காக் கொண்டு வாரேன்" என்றாள். கொண்டுவந்தாள். ஒவ்வொரு மழைக்கும் கொண்டுவந்தாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது அடுக்கத்துத் தண்ணீரையும் அனுப்பினாள்.

இந்த முறை பையன். தவழ ஆரம்பித்துவிட்டான். போன வாரம் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாட்டிலோடு வந்தாள். மாமனார் வருகிறாரா என்று கேட்டேன்.

"வருவாரு மேடம். பஸ்ல வந்து எறங்கி, பட்டர் புரூட்டு ஒரு பை குடுப்பாரு. வாசல்லயே ஒக்காருவாரு. இவன் தவழ்ந்துகிட்டே அவருக்கிட்ட போவான். நானும் தூக்குங்க மாமான்னு நீட்டிப் பாத்துட்டேன். கையப் பின்னால கட்டிக்கிறாரு."

பையன் என் மேசைக்கால் ஒன்றைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பாட்டிலை வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்தேன்.